ஜன்னலுக்கு ஃபிலிமா, ப்ளைண்டா, ஸ்மார்ட் கண்ணாடியா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

எங்க ஃப்ளாட் மேடவாக்கத்துல மூணாவது மாடி, ஹால் ஜன்னல் மேற்க பாத்தது, பெட்ரூம் ஜன்னலுக்கு எதிர்ல பதினஞ்சடி தள்ளி அடுத்த பிளாக்கோட பால்கனி. குடி வந்த மொத ரெண்டு வருஷம் வெயிலையும் மறைவையும் சமாளிக்க ஒவ்வொண்ணா வாங்கி போட்டு பாத்தேன், சிலது சரியா வந்துச்சு, சிலதை பிரிச்சு எடுத்தேன். அதுக்கப்புறம் அபார்ட்மென்ட் குரூப்லயும் சொந்தக்காரங்க கிட்டயும் திரும்பத் திரும்ப அதே கேள்விங்க வந்துட்டே இருக்கு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். கேள்விங்க எல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே இருக்கு. இதுல ஃபிலிம்னா ஜன்னல் கண்ணாடில ஒட்டுற மெல்லிசான தாள், ப்ளைண்ட்னா ஜன்னலுக்கு முன்னாடி மாட்டி ஏத்தி இறக்கற மறைப்பு, ஸ்மார்ட் கண்ணாடின்னா மின்சாரத்தால வெள்ளையாவோ வேற நிறமாவோ மாறுற ஜன்னல் கண்ணாடி.

அக்கா, ஃபிலிம், ப்ளைண்ட்ஸ், ஸ்மார்ட் கண்ணாடி, மூணுல எது பெஸ்ட்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும்.

ஒண்ணு சொல்ல முடியாதுமா, ஏன்னா ஜன்னல்ல மூணு தொந்தரவு இருக்கு, மூணும் வேற வேற. ஒண்ணு சூடு. ரெண்டாவது கூசுறது, அதாவது டிவி தெரியாம போறது, லேப்டாப் முன்னாடி கண்ணை சுருக்கிட்டு உக்காந்திருக்கறது. மூணாவது வெளியாளுங்க பார்வை. சூட்டை தடுக்குற பொருள் பார்வையை தடுக்கணும்னு இல்ல, பார்வையை தடுக்குறது கூசுறதை நிறுத்தணும்னும் இல்ல. எல்லாரும் "ஜன்னலுக்கு ஏதாவது போடணும்"னு கடைக்கு போயிடறாங்க, அங்க எது மார்ஜின் ஜாஸ்தியோ அதை கையில குடுத்து அனுப்பிடறாங்க.

அதனால கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் ஒரு பேப்பர்ல எழுதுங்க. காலைல எட்டு மணி, மதியம் ஒரு மணி, சாயங்காலம் நாலரை, ராத்திரி எட்டு, இந்த நாலு நேரத்துலயும் ஒவ்வொரு ஜன்னல் கிட்டயும் நின்னு எது தொந்தரவுன்னு பாருங்க. ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் உள்ள லைட்டை போட்டுட்டு கீழ இறங்கி போய் தெருவுல இருந்து உங்க வீட்டை நீங்களே பாருங்க, வீட்ல ஒருத்தரை ஜன்னல் பக்கம் நடக்க சொல்லுங்க. பாதி பேரு இதை செஞ்சதே இல்ல, செஞ்சப்புறம் அவங்க லிஸ்டே மாறிடுது.

ஃபிலிம்னா கார்ல ஒட்டுறாங்களே அந்த கூலிங் பேப்பர் தானா?

குடும்பம் ஒண்ணுதான், வகை நிறைய. சாயம் போட்ட கறுப்பு ஃபிலிம், இது விலை கம்மி, வெளிச்சத்தை குறைக்கும், சூட்டை குறைக்கறதை விட தானே குடிச்சுக்கும், சில வருஷத்துல ஊதா கலருக்கு போயிடும். உலோகப் பூச்சு ஃபிலிம், இதுதான் வெளிய இருந்து பாத்தா முகம் பாக்குற கண்ணாடி மாதிரி மின்னுறது, சூட்டை நல்லா திருப்பி அனுப்பும். செராமிக் ஃபிலிம், இது மின்னாது, பாக்க சாதா கண்ணாடி மாதிரியே இருக்கும் ஆனா அகச்சிவப்பை, அதாவது கண்ணுக்கு தெரியாத சூட்டுக் கதிரை, நிறைய தடுக்கும், விலை ஜாஸ்தி. நாலாவது ஃப்ராஸ்டட், பால் வெள்ளைல இருக்கும், அது பார்வையை மறைக்கத்தான், சூட்டுக்கு இல்ல.

"ஃபிலிம் ஒட்டுனா போலீஸ் புடிப்பாங்களே"ன்னும் ஒருத்தர் கேட்டார். 2012ல சுப்ரீம் கோர்ட் கார் கண்ணாடில ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொன்னது வண்டிகளுக்கு, முன் பின் கண்ணாடில 70 சதவீதம், பக்கத்து கண்ணாடில 50 சதவீதம் வெளிச்சம் உள்ள போகணும்ங்கிறது மோட்டார் வாகன விதி. வீட்டு ஜன்னலுக்கு அது பொருந்தாது. வீட்டுக்கு நீங்க கேக்க வேண்டியது அசோசியேஷன் கிட்ட, சில அபார்ட்மென்ட்ல வெளிப்பக்கம் ஒரே மாதிரி தெரியணும்னு மின்னுற ஃபிலிமுக்கு விட மாட்டாங்க.

வெளிய இருந்து பாத்தா கண்ணாடி மாதிரி தெரியணும், உள்ள இருந்து எல்லாம் தெரியணும். அந்த ஒன் வே ஃபிலிம் ராத்திரியும் வேலை செய்யுமா?

செய்யாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏன்னா இதுல ஏமாந்தவங்கதான் அதிகம், அதுவும் மறைவுக்காக நம்பி ஒட்டினவங்க. ஒன் வேன்னு பேர்தான், ஃபிலிமுக்கு எந்த பக்கம் வீடு எந்த பக்கம் தெருன்னு தெரியாது. அது ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிச்சத்தை திருப்பி அனுப்பும், கொஞ்சத்தை உள்ள விடும். எந்த பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்த பக்கம் நிக்கறவங்களுக்கு தன் பிம்பம் மட்டும் தெரியும், வெளிச்சம் கம்மியான பக்கம் நிக்கறவங்களுக்கு மறுபக்கம் தெரியும்.

வெளிச்சத்தை லக்ஸ்னு ஒரு அலகுல அளப்பாங்க. நேரடி வெயில்ல வெளிய சுமார் ஒரு லட்சம் லக்ஸ், மேகமூட்டமா இருந்தாக்கூட பத்தாயிரம் கிட்ட, ஆனா நம்ம ஹாலுக்குள்ள ட்யூப்லைட் வெளிச்சம் நூறுல இருந்து முந்நூறு லக்ஸ்தான். அதனால பகல்ல வெளிப்பக்கம் ஜெயிக்குது, உள்ள இருக்கறது தெரியல. சாயங்காலம் ஆறரைக்கு மேல தெரு வெளிச்சம் பத்து இருபது லக்ஸுக்கு இறங்கிடும், நீங்க உள்ள லைட்டை போட்டுருவீங்க, அப்போ கணக்கு அப்படியே திரும்பிடும். நீங்க உள்ள இருந்து பாத்தா கறுப்பு கண்ணாடில உங்க முகம் தெரியும், வெளிய தெரியலையே, மறைவாத்தான் இருக்கோம்னு நினைப்பீங்க, ஆனா எதிர் பால்கனிக்காரங்களுக்கு உங்க வீடு சினிமா திரை மாதிரி தெரியும். மழை நாள்ல மதியமே லைட்டு போட்டாலும் கொஞ்சம் இதே கதைதான்.

அப்போ ராத்திரிக்கு என்னதான் பண்றது?

ராத்திரி மறைவுக்கு துணியோ, ப்ளைண்டோ, ஃப்ராஸ்டட் கண்ணாடியோ ஏதாவது ஒண்ணு நடுவுல இருந்தே ஆகணும், வேற வழி இல்ல. நான் சொல்றது ரெண்டு அடுக்கு. பகலுக்கு ஒரு மெல்லிசான வெள்ளை துணி, இல்லாட்டி மேல சொன்ன ஃபிலிம். ராத்திரிக்கு கனமா ஒண்ணு, லைட்டு போடற அதே நேரத்துல இழுத்து விட்டுடறது. எங்க பாட்டி வீட்ல விளக்கு ஏத்தறப்போ ஜன்னலை சாத்துவாங்க, கொசுவுக்குன்னு சொன்னாலும் மறைவுக்கும் அதுதான் சரியான நேரம்.

இன்னொண்ணு பழைய வீடுங்கள்ல இருந்து எடுத்தது. நாலு கதவு ஜன்னல் பாத்திருப்பீங்க, கீழ ரெண்டு கதவு மேல ரெண்டு கதவு. கீழ ரெண்டையும் சாத்திட்டு மேல ரெண்டையும் திறந்து வெச்சா உக்காந்திருக்கறவங்க தெரிய மாட்டாங்க, வெளிச்சமும் காத்தும் மேலால வரும். இப்போ ஸ்லைடிங் கண்ணாடி வந்தப்புறம் அந்த வசதி போயிடுச்சு. அதை திரும்ப கொண்டு வர்றது சுலபம், கண்ணாடியோட கீழ் பாதிக்கு மட்டும், நிக்கறவங்க கண்ணு மட்டம் தாண்டுற உயரம் வரைக்கும், ஃப்ராஸ்டட் ஃபிலிம் ஒட்டிடுங்க. மேல் பாதி சும்மா விடுங்க, வானம் தெரியும். எங்க பெட்ரூம்ல அதைத்தான் செஞ்சிருக்கேன், இந்த வீட்ல செலவு பண்ணதுலயே மனசுக்கு நிறைவா இருக்கறது அதுதான். ஆனா எதிர் வீடு உங்களை விட உயரமான மாடில இருந்தா மேல் பாதி வழியா கீழ பாப்பாங்க, அப்போ இது போதாது.

ஃப்ராஸ்டட் ஒட்டுனா ரூம் இருட்டாயிடுமா?

ஆகாது. அது வெளிச்சத்தை முழுங்கறது கம்மி, கலைச்சு விடறதுதான் வேலை. ஜன்னல் பக்கம் மட்டும் பளீர்னு அடிச்சுட்டு இருந்த வெளிச்சம் ரூம் முழுக்க பரவும், சில ரூம்ல முன்னாடியை விட நல்லா இருக்கற மாதிரியே தோணும். நேரா வெயில் விழுற ஜன்னல்ல மட்டும் கவனம், அந்த வெள்ளை பரப்பு முழுசும் ட்யூப்லைட் மாதிரி எரியும், அது எதிர்ல உக்காந்தா கண்ணு கூசும்.

பாத்ரூமுக்கு போடறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கண்ணாடியை ஒட்டி நின்னா நிழல் உருவம் தெரியும், தள்ளி நின்னா கலைஞ்சிடும். லைட்டு உங்களுக்கு பின்னாடி இருந்து நீங்க லைட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நின்னீங்கன்னா நிழல் அப்படியே ஜன்னல்ல விழும். லைட்டை ஜன்னல் இருக்கற சுவர்லயே, ஜன்னலுக்கு மேல மாட்டிட்டா நிழல் உள் சுவர்ல விழும். எலக்ட்ரீஷியன் கிட்ட சொல்லி ஒரு பாயின்ட் மாத்துறது, ஃபிலிமை மாத்தறதை விட சுலபம்.

எங்க ஜன்னல் வடக்கு பாத்தது. வெயிலே வராதுன்னு பில்டர் சொன்னார், மே மாசம் சுள்ளுன்னு வருதே?

பில்டர் சொன்னது டெல்லிக்கு ஓரளவு சரியா இருக்கும். சென்னை 13 டிகிரி அட்சரேகைல இருக்கு, சூரியன் கோடைல இருபத்தி மூணரை டிகிரி வரைக்கும் வடக்க போகும். அதாவது ஏப்ரல் கடைசி வாரத்துல நம்ம தலைக்கு நேரா மேல வந்துட்டு, அதுக்கப்புறம் ஆகஸ்ட் நடுவு வரைக்கும் மத்தியானத்துலயும் நமக்கு வடக்கு பக்கம்தான் நிக்கும். ஜூன் மாசம் சூரியன் மறையறது நேர் மேற்குல இல்ல, அதுல இருந்து 24 டிகிரி வடக்கு தள்ளி. அதனால கத்திரி வெயில் காலத்துல வடக்கு ஜன்னலுக்கு காலைலயும் சாயங்காலமும் சாய்வா வெயில் விழும்.

தெற்கு ஜன்னல்தான் நம்ம ஊர்ல நல்ல ஜன்னல். டிசம்பர்ல கூட மத்தியான சூரியன் 53 டிகிரி உயரத்துல இருக்கு, ரெண்டடி சன்ஷேடு போட்டா பெரும்பாலும் தடுத்துடும். மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு உதவாது, சூரியன் தாழ வந்து நேரா உள்ள அடிக்கும். காசு கொஞ்சம்தான் இருக்குன்னா முழுசும் மேற்கு ஜன்னலுக்கு செலவு பண்ணுங்க.

மேற்கு ஜன்னலுக்கு நல்ல ப்ளைண்ட் போட்டும் சாயங்காலம் ரூம் கொதிக்குது, ஏன்?

ப்ளைண்ட் கண்ணாடிக்கு உள் பக்கம் இருக்கு, அதான். வெயில் கண்ணாடியை தாண்டி உள்ள வந்தாச்சு, ப்ளைண்ட்ல பட்டு ப்ளைண்ட் சூடாகுது, அந்த சூடு திரும்ப கண்ணாடி வழியா சுலபமா வெளிய போகாது, ரூம்லயே சுத்தும். ப்ளைண்டோட ஜன்னல் பக்கம் வெள்ளையா இருந்தா கொஞ்சம் வெயிலை அப்படியே திருப்பி அனுப்பும், கறுப்போ மரூனோ இருந்தா அதுவே ஹீட்டர் மாதிரி. கலர் பிடிச்சதை உள் பக்கம் வெச்சுக்கங்க, வெளிப்பக்கம் வெள்ளை லைனிங் கேளுங்க.

சூட்டை நிறுத்தணும்னா கண்ணாடிக்கு வெளியவே நிறுத்தணும். பால்கனி இருந்தா மூங்கில் தட்டி, கோரைப்பாய் தட்டி, இல்ல வெளிய மாட்டி சுருட்டி ஏத்தற ரோலர் ப்ளைண்ட். மூங்கில் தட்டி ஒண்ணு கட்டினா கிடைக்கற வித்தியாசம் உள்ள போடற எந்த விலை ஒசந்த ப்ளைண்டையும் விட ஜாஸ்தி, இதை கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க. வெட்டிவேர் தட்டில தண்ணி தெளிக்கறது மதுரை, திருச்சி மாதிரி காஞ்ச காத்து ஊர்ல அருமையா குளிரும், சென்னைல கடல்காத்து வந்த நேரம் காத்துல ஏற்கனவே ஈரம் இருக்கறதால அவ்ளோ எடுபடாது, வாசனை மட்டும் சுகம். வெளிய எதுவும் கட்ட முடியாத ஃப்ளாட்டுக்குத்தான் ஃபிலிம், அது கண்ணாடிலயே பாதி வேலையை முடிச்சுடும், அதுக்கு பின்னாடி ப்ளைண்ட் போட்டுக்கலாம்.

கடைக்காரர் லேம்ப் வெச்சு காட்டினார், ஃபிலிம் போட்ட பக்கம் கை சுடவே இல்ல. நம்பி வாங்கலாமா?

அந்த லேம்ப் அனுப்பறது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயில் அப்படி இல்ல, வெயிலோட சக்தில கிட்டத்தட்ட பாதி அகச்சிவப்பு, நாப்பத்து சொச்சம் சதவீதம் கண்ணுக்கு தெரியற வெளிச்சம், மிச்சம் கொஞ்சம் புற ஊதா, அதாவது யு.வி. கண்ணுக்கு தெரியற வெளிச்சமும் உள்ள வந்து தரைலயும் சோஃபாலயும் பட்டா சூடாத்தான் மாறும். அதனால "90 சதவீதம் அகச்சிவப்பு தடுக்கும்"னா 90 சதவீதம் சூடு தடுக்கும்னு அர்த்தம் இல்ல. அதோட ஃபிலிம் சூட்டை குடிச்சுட்டு இருந்தாலும் அந்த அஞ்சு நிமிஷ டெமோல தெரியாது, அரைமணி கழிச்சுத்தான் அது சூடாகி உள்ள விட ஆரம்பிக்கும்.

நீங்க கேக்க வேண்டியது டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்த சூரிய சக்தில எவ்ளோ தடுக்குதுன்னு ஒரு எண்ணு. ரெண்டு ஃபிலிமை ஒப்பிட அது ஒண்ணு போதும். அந்த எண்ணு கம்பெனி அச்சடிச்ச தாள்ல இருக்கணும், வாயால சொன்னா எடுத்துக்காதீங்க. "99 சதவீதம் யு.வி. தடுக்கும்"ங்கறதை பெரிய பெருமையா சொல்லுவாங்க, சுமாரான ஃபிலிம் கூட அதை செய்யும், அதுக்காக விலை கூட குடுக்க வேண்டாம். சோஃபா கலர் போறது யு.வி.யால மட்டும் இல்ல, வெளிச்சமும் சூடும் சேர்ந்துதான், ஃபிலிம் ஒட்டுனா மெதுவாகும், நிக்காது.

வி.எல்.டி. எவ்ளோ இருக்கற ஃபிலிம் எடுக்கறது?

வி.எல்.டி.ன்னா நூறு பங்கு வெளிச்சத்துல எத்தனை பங்கு உள்ள வருதுங்கறது. சாதா வெள்ளை கண்ணாடி கிட்டத்தட்ட 88. ஹாலுக்கு 35ல இருந்து 50க்குள்ள எடுங்கன்னு நான் சொல்லுவேன், சமையலறைக்கு முடிஞ்சா 50க்கு மேல. வீடுகளுக்கான மத்திய அரசோட எரிசக்தி விதிமுறை ஒண்ணு இருக்கு, ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 2018ல வந்தது, அதுல ஜன்னல் பரப்பு சுவர்ல 30 சதவீதத்துக்குள்ள இருக்கற வீட்டுக்கு கண்ணாடியோட வி.எல்.டி. 27க்கு குறையக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க. 15, 20னு இருட்டா ஒட்டிட்டு பட்டப்பகல்ல லைட்டு எரிக்கறது வேண்டாமே.

பில்டர் ஏற்கனவே பச்சையோ பழுப்போ கலர் கண்ணாடி போட்டிருந்தா கணக்கு பெருக்கணும். கண்ணாடி 50, ஃபிலிம் 50னா உள்ள வர்றது 25தான். நிறைய பேர் சாம்பிள் துண்டை கைல புடிச்சு வானத்தை பாத்து முடிவு பண்ணிடறாங்க, அப்படி இல்லாம துண்டை உங்க வீட்டு கண்ணாடிலயே ஒட்டி வெச்சு ஒரு நாள் விட்டு பாருங்க.

ஃபிலிம் ஒட்டுனா கண்ணாடி உடையும்னு சொல்றாங்களே, நிஜமா?

நடக்கும், எல்லா ஜன்னல்லயும் இல்ல. சூட்டை குடிக்கற இருட்டு ஃபிலிமை உள்பக்கம் ஒட்டுனா கண்ணாடி நடுவுல சூடேறும், ஃப்ரேமுக்குள்ள இருக்கற ஓரம் குளிர்ச்சியாவே இருக்கும், நடு விரியும் ஓரம் விரியாது, அந்த இழுவைல ஓரத்துல சின்ன சிராய்ப்பு இருந்தா அங்க இருந்து விரிசல் ஓடும். எங்க பிளாக்லயே ஒரு வீட்ல மேற்கு ஜன்னல் அப்படி போச்சு. கலர் கண்ணாடி, கம்பி வலை வெச்ச கண்ணாடி, ரெட்டை கண்ணாடி இதுலெல்லாம் ஆபத்து ஜாஸ்தி. டஃபண்ட், அதாவது சூடேத்தி பதப்படுத்தின கண்ணாடி தாங்கும், மூலைல சின்னதா முத்திரை இருக்கான்னு பாருங்க. ரெட்டை கண்ணாடி வெச்சிருந்தா ஃபிலிம் கம்பெனி கிட்ட "இந்த கண்ணாடிக்கு ஒத்து வரும்"னு எழுத்துல வாங்கிட்டு ஒட்டுங்க.

பாதி கண்ணாடி நிழல்ல பாதி வெயில்ல இருந்தாலும் இந்த இழுவை வரும், ஃபிலிம் போட்ட கண்ணாடியை உரசற மாதிரி கனமான திரையை தொங்கவிட்டாலும் வரும். கொஞ்சம் இடைவெளி விடுங்க.

நானே ஒட்டிக்கலாமா, ஆள் வேணுமா?

சின்ன ஜன்னல், ஃப்ராஸ்டட் ஃபிலிம்னா தாராளமா நீங்களே ஒட்டலாம். ஃபேனை ஆஃப் பண்ணுங்க, தூசி பறக்கக்கூடாது. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி, ரெண்டு சொட்டு பேபி ஷாம்பு. போர் தண்ணி வேண்டாம், அதுல இருக்கற உப்பு ஃபிலிமுக்கு பின்னாடி வெள்ளையா தங்கிடும், ஆர்.ஓ. தண்ணி எடுத்துக்கங்க. கண்ணாடியை பிளேடால சுரண்டி சுத்தம் பண்ணி, நல்லா நனைச்சு, ஃபிலிமை வெச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால தள்ளுங்க. ஓரத்துல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க, ஃப்ரேமோட முட்டினா அங்க இருந்துதான் உரிஞ்சு வரும்.

ஒட்டின மறுநாள் மங்கலா, சின்ன சின்ன தண்ணி குமிழோட இருக்கும், பயப்படாதீங்க, முழுசா காய ஒரு மாசம் வரைக்கும் ஆகும். அது வரைக்கும் துடைக்காதீங்க, அதுக்கப்புறமும் அம்மோனியா கலந்த கண்ணாடி க்ளீனர் வேண்டாம். பெரிய பால்கனி கண்ணாடி, மின்னுற ஃபிலிம் இதுக்கெல்லாம் ஆளை கூப்பிடுங்க. ரோல் பொதுவா மூணடி, நாலடி, அஞ்சடி அகலத்துல வரும், உங்க ஜன்னல் மூணரை அடின்னா எந்த ரோல்ல வெட்டப்போறாங்க, வேஸ்ட் ஆகறதுக்கு யார் காசுன்னு முன்னாடியே கேட்டுக்கங்க. புள்ளி வெச்ச டிசைன் கண்ணாடி, பாத்ரூம் லூவர்ல சொரசொரப்பான பக்கம், இதுல ஃபிலிம் ஒட்டாது, வழவழப்பான பக்கம் இருந்தா அதுல ஒட்டலாம்.

ரோலர், ஜீப்ரா, வெனிஷியன், ரோமன்... கேட்லாக் பாத்து தலை சுத்துது.

மொத கேள்வில சொன்ன பேப்பரை எடுங்க. வெளிச்சமும் வேணும் பார்வையும் மறைக்கணும்னா வெனிஷியன், அதாவது படுக்கை வாக்குல பட்டை பட்டையா அடுக்கினது, அந்த பட்டைங்களை மேல் நோக்கி சாய்ச்சா வெளிச்சம் சீலிங்ல பட்டு உள்ள பரவும், வெளிய கீழ நிக்கறவங்களுக்கு உள்ள தெரியாது. எந்த உயரத்துல இருந்து பாக்கறாங்களோ அதுக்கேத்த மாதிரி சாய்வை மாத்தி வெச்சு பாத்துக்கங்க. தூசி துடைக்கறதுதான் அதுல கஷ்டம், மெயின் ரோடு பக்கம் வீடுன்னா வாரம் ஒரு தடவை துடைக்க தயாரா இருங்க. ரோலர், ஒரே துணியை சுருட்டி ஏத்தறது, துடைக்க சுலபம், ஆனா ஒண்ணு மூடணும் இல்ல திறக்கணும். ஜீப்ரால துணி பட்டையும் வலை பட்டையும் மாறி மாறி வரும், பகலுக்கு நல்லா இருக்கும், ஆனா பட்டைகளுக்கு நடுவுல கோடு கோடா வெளிச்சம் வரும், முழு இருட்டு கேக்காதீங்க. ரோமன் பாக்க அழகு, துவைக்கலாம், மடிப்பு மேல நின்னு கொஞ்சம் ஜன்னலை மறைக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஜன்னல் கதவு உள்பக்கமா திறக்குதா, கம்பி உள்பக்கம் இருக்கா, கொசுவலை எப்படி நகருதுன்னு பாருங்க. கதவு உள்ள திறந்தா ப்ளைண்ட்ல இடிக்கும், அப்போ கர்ட்டன்தான் நிம்மதி.

ஸ்க்ரீன் துணில 3 சதவீதம், 5 சதவீதம்னு போட்டிருக்கே, அது என்ன?

நம்ம ஊர்ல ஸ்க்ரீன்னா கர்ட்டன், ப்ளைண்ட்ஸ் கடைல ஸ்க்ரீன்னா சின்ன சின்ன ஓட்டையோட நெய்த துணி. அந்த எண்ணு மொத்த பரப்புல ஓட்டை எவ்ளோன்னு சொல்றது. 1 சதவீதம்னா கூசுறது நல்லா குறையும், வெளிய லேசாத்தான் தெரியும், 10னா வெளிய நல்லா தெரியும், வெயிலும் வரும். மேற்குக்கு 1ல இருந்து 3 எடுங்க, வடக்குக்கு 5 போதும். கருப்பு துணி வழியா வெளிய தெளிவா தெரியும், வெள்ளை துணி வெயில் பட்டதும் தானே பளபளன்னு ஆகி வெளிய இருக்கறதை மறைச்சுடும், ஆனா சூடு கம்மி. ராத்திரி எல்லா ஸ்க்ரீன் துணியும் ஒன் வே ஃபிலிம் கதைதான், லைட்டு போட்டா உள்ள தெரியும்.

நைட் ஷிஃப்ட் எனக்கு. பிளாக்அவுட் போட்டும் ஓரத்துல வெளிச்சம் வந்து தூக்கம் போகுது.

பிளாக்அவுட்னா வெளிச்சம் புகாத துணி, அந்த துணி தப்பு இல்ல, அளவு தப்பு. ஜன்னல் குழிக்குள்ள மாட்டினா ரெண்டு பக்கமும் சந்து இருக்கத்தான் செய்யும். குழிக்கு வெளிய சுவர்ல மாட்டுங்க, ரெண்டு பக்கமும் நாலு இஞ்சு, மேலயும் நாலு இஞ்சு, கீழ இன்னும் கொஞ்சம் அதிகம். கர்ட்டன்னா கம்பியோட ரெண்டு முனையும் சுவர் பக்கம் வளைஞ்சு போற மாதிரி வாங்குங்க. உள்ளதான் மாட்டணும்னா அகலத்தை மேல, நடு, கீழன்னு மூணு இடத்துல அளந்து சின்னதை எடுங்க, நம்ம ஊர் சுவர் நேரா இருக்கறது அபூர்வம். ராத்திரி வேலை பாத்துட்டு வர்றவங்களுக்கு இந்த தூக்கம் பெரிய விஷயம், இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

வீட்ல ரெண்டு வயசு பையன் இருக்கான். ப்ளைண்ட் கயிறு ஆபத்துன்னு யாரோ சொன்னாங்க?

ஆபத்துதான். வளையமா தொங்கற கயிறுலயும் மணிச் சரடுலயும் குழந்தைங்க கழுத்து மாட்டி இறந்திருக்காங்க, சத்தமே வராது, சில நிமிஷத்துல முடிஞ்சுடும். கயிறு இல்லாத ஸ்பிரிங் மாடல் இல்லாட்டி குச்சி வெச்ச மாடல் வாங்குங்க. ஏற்கனவே கயிறு இருந்தா இன்னிக்கே தரைல இருந்து அஞ்சடி உயரத்துல கொக்கி அடிச்சு சுத்தி வைங்க, மணிச் சரடை இழுத்து சுவரோட பிடிச்சு வெக்கற கிளிப் இருக்கு, அதை மாட்டுங்க. கட்டில், தொட்டில், சோஃபா எதையும் அந்த ஜன்னலுக்கு கீழ போடாதீங்க. இந்த ஒரு விஷயத்துக்கு நான் கெஞ்சியே கேக்கறேன்.

ஸ்விட்ச் போட்டா வெள்ளையாகுதே ஒரு கண்ணாடி, அது எப்படி வேலை செய்யுது?

அது பி.டி.எல்.சி.ன்னு ஸ்மார்ட் கண்ணாடில ஒரு வகை. ரெண்டு மெல்லிசான மின்சாரம் கடத்தற படலத்துக்கு நடுவுல பிளாஸ்டிக், அதுக்குள்ள திரவப் படிகத் துளிங்க. மின்சாரம் இல்லாதப்போ துளிங்க ஆளாளுக்கு ஒரு பக்கம் பாத்துட்டு இருக்கும், வெளிச்சம் அதுல பட்டு சிதறி வெள்ளையா தெரியும். ஸ்விட்ச் போட்டதும் எல்லாம் ஒரே திசைல திரும்பி வெளிச்சத்தை நேரா விட்டுடும், கண்ணாடி தெளிஞ்சுடும். கவனிங்க, மின்சாரம் இருந்தாத்தான் தெளிவு, இல்லாட்டி வெள்ளை. 2020ல டோக்கியோ பூங்காவுல கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் வடிவமைச்ச பொதுக் கழிப்பறை போட்டோ பாத்திருப்பீங்க, கதவை பூட்டினா கண்ணாடி சுவர் வழியா உள்ள தெரியாம போயிடும்.

பூஜை ரூம் தடுப்பு, ஆபீஸ் கேபின், வயசானவங்க ரூம் கதவு, இந்த மாதிரி வீட்டுக்குள்ள இருக்கற தடுப்புக்கு இது நல்லா பொருந்தும். தெளிஞ்ச நிலையில கூட கோணலா பாத்தா லேசா பனி மூட்டம் இருக்கும், அதை ஷோரூம்ல பக்கவாட்டுல நின்னு பாத்துட்டு வாங்குங்க.

அதை மேற்கு ஜன்னல்ல போட்டா வெயில் குறையுமா? ஃபிளைட்ல பட்டன் அமுக்கினா இருட்டாகுதே?

குறையாது, இங்கதான் நிறைய பேருக்கு காசு போகுது. பி.டி.எல்.சி. வெள்ளையாகும், இருட்டாகாது. ஃப்ராஸ்டட் ஃபிலிம் பத்தி சொன்ன எல்லாம் இதுக்கும் பொருந்தும், வெயில் பட்டா வெள்ளையா எரியும், சூடு பெருசா குறையாது, நேர் வெயில்ல வருஷக்கணக்கா இருந்தா ஃபிலிமுக்கும் நல்லதில்ல.

ஃபிளைட்ல பாத்தது வேற, 2011ல பயணிங்களோட பறக்க ஆரம்பிச்ச போயிங் 787ல ஜன்னல் மூடியே கிடையாது, மின்சாரத்தால நிறம் மாறுற எலக்ட்ரோக்ரோமிக் வகை. இந்த ஆராய்ச்சி சத்யேன் தேப்ங்கற விஞ்ஞானி 1969ல டங்ஸ்டன் ஆக்சைடு படலத்தை வெச்சு செஞ்ச வேலைல இருந்து வளர்ந்தது. இது நீலமா மங்கும், வெயிலையும் சூட்டையும் நிஜமாவே குறைக்கும், ஆனா மங்கின நிலைலயும் வெளிய தெரியும், அதனால ராத்திரி மறைவுக்கு உதவாது. மாற நேரம் ஆகும், பெரிய கண்ணாடின்னா நிமிஷக்கணக்கு. ஃபிலிமா ஒட்ட முடியாது, கண்ணாடியாவே மாத்தணும். பெரிய ஆபீஸ் கட்டடத்துக்கு சரி, நம்ம ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு அந்த காசுல மூங்கில் தட்டி, செராமிக் ஃபிலிம், நல்ல கர்ட்டன் எல்லாம் போட்டும் மிச்சம் வரும்.

கரண்ட் போனா என்ன ஆகும்? பில்லு எகிறுமா?

பி.டி.எல்.சி. வெள்ளையாயிடும், மறைவு போகாது. பில்லு பயம் வேண்டாம், ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 5 வாட். நாலுக்கு அஞ்சடி கண்ணாடி ரெண்டு சதுர மீட்டருக்குள்ள, ஒரு எல்.இ.டி. பல்பு அளவு. தினம் பத்து மணி நேரம் தெளிவா வெச்சாலும் மாசம் மூணு யூனிட்.

அந்த ஃபிலிமை ஆன்லைன்ல வாங்கி நானே ஒட்டிடலாமா? விலை பாதிதான் இருக்கு.

வேண்டாம். சாதா ஃபிலிம் மாதிரி இதை வீட்ல வெட்ட முடியாது, ஓரத்துல மின்சாரம் ஏறுற செப்புப் பட்டை இருக்கு, அதை வெட்டிட்டா மொத்தமும் போச்சு. சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வேணும், நேரா வீட்டு லைன்ல குடுத்தா ஆபத்து. ஓரம் சீல் பண்ணாட்டி ஈரம் புகுந்து ஓரத்துல இருந்து மங்கிட்டே வரும், கடற்கரை பக்கம் வீடுகள்ல இது சீக்கிரம் நடக்கும். பாத்ரூமுக்கு வேணும்னா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெச்சு லேமினேட் பண்ணி வர்றதை வாங்குங்க.

வாடகை வீடு. ஆணி அடிக்க விட மாட்டாரு, ஃபிலிம் ஒட்டினாலும் திட்டுவாரு.

பசை இல்லாம தண்ணில ஒட்டுற ஸ்டாட்டிக் ஃபிலிம் கிடைக்கும், காலி பண்றப்போ உரிச்சு சுருட்டி எடுத்துட்டு போகலாம், கீழ் பாதி யோசனைக்கு அது அப்படியே சரி. கர்ட்டனுக்கு ரெண்டு சுவருக்கும் நடுவுல அழுத்தி நிக்கற ஸ்பிரிங் கம்பி போதும். பழைய பசை ஃபிலிம் உரிக்கணும்னா ஹேர் டிரையரால சூடு காட்டி மெதுவா இழுங்க.

மின்னுற ஃபிலிம் ஒட்டினதுல இருந்து ஒரு தேன்சிட்டு வந்து கண்ணாடியை கொத்திட்டே இருக்கு, எதிர் வீட்டுக்காரரும் கண்ணு கூசுதுன்னு சண்டைக்கு வர்றார்.

ரெண்டுமே நியாயமான புகார். தேன்சிட்டு, கொண்டைக்குருவி இதுங்க தன் பிம்பத்தை எதிரின்னு நினைச்சு சண்டை போடும், முக்கியமா கூடு கட்ற காலத்துல. பாவம், சோறு தண்ணி இல்லாம நாள் முழுக்க கொத்தும். வெளிப்பக்கம் கண்ணாடில பழைய துணியோ வலையோ சில வாரம் தொங்கவிடுங்க, பிம்பம் மறைஞ்சா போயிடும். எதிர் வீட்டுக்காரர் விஷயத்துல, உங்க வெயிலை நீங்க அவர் ஹாலுக்கு திருப்பி விட்டிருக்கீங்க, அதனால அவர் கேக்கறதுல தப்பில்ல. அடுத்த தடவை மாத்தறப்போ மின்னாத செராமிக் எடுங்க, அதுல செல்போன் சிக்னலும் குறையாது, உலோகப் பூச்சுல குறைய வாய்ப்பு இருக்கு.

அப்பாவுக்கு கேடராக்ட், ஜன்னல் பக்கம் உக்காந்து பேப்பர் படிக்கணும், வெளிச்சம் வேணும் ஆனா கூசக்கூடாது. அம்மாவுக்கு ஜன்னல் திறந்திருந்தா எல்லாரும் பாக்கறாங்கன்னு சங்கடம். என்ன போடறது?

இதுக்கு ரொம்ப நேரம் யோசிச்சேன். கேடராக்ட் இருக்கறவங்களுக்கு நேர் எதிர்ல இருந்து வர்ற வெளிச்சம்தான் எதிரி, அதனால மொதல்ல நாற்காலியை திருப்புங்க, ஜன்னல் அவருக்கு முன்னாடி இல்லாம இடது தோளுக்கு பின்னாடி வரட்டும், வெளிச்சம் பேப்பர் மேல விழும், கண்ணுல விழாது. காசே இல்லாத வேலை.

அப்புறம் கீழ் பாதிக்கு ஃப்ராஸ்டட், அம்மா சங்கடம் அதோட தீரும். கிழக்கோ மேற்கோ ஜன்னலா இருந்தா வெயில் நேரத்துல அது எரியும்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு அந்த கீழ் பாதிக்கு முன்னாடி கீழ இருந்து மேல ஏறுற ப்ளைண்ட் ஒண்ணு, அடில இருந்து இழுத்து எந்த உயரத்துலயும் நிறுத்தலாம். மேல் பாதிக்கு வெனிஷியன் பட்டையை சீலிங் பக்கம் சாய்ச்சு வைங்க. ராத்திரி ஏழு மணிக்கு கனமான கர்ட்டனை இழுக்கற வேலையை அப்பா கிட்டயே குடுங்க, சரடு வேண்டாம், நீளமான குச்சி வெச்சது, உக்காந்த இடத்துல இருந்தே எட்டற மாதிரி.